சாணக்கியபுரியில் ஒரு சிக்கன யாத்திரை

மகளுக்குக் கல்லூரி பார்க்கத் தில்லிக்குப் போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் எங்களைச் சற்று வியப்புடனேயே நோக்கினார்கள். அவர்கள் வியந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. தில்லிப் பல்கலைக் கழகத்தில் பட்டப் படிப்புக்கு இடம் பெறக் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டிய அவசியம் இந்நாளில் கிடையாது. 2022 முதல் நாடு தழுவிய பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே இடங்கள் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பம், விருப்பப் பட்டியல், இட ஒதுக்கீடு, கட்டணம் எல்லாம் கணினி வழியே நடந்தேறுகின்றன. வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி முடிக்கக்கூடிய காரியத்திற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மூவர் பயணம் செய்து பணத்தைக் கரைக்க வேண்டுமா என்று கேட்பவரைக் குறை கூற முடியுமா?

ஆயினும் போனோம். விருப்பப் பட்டியலின் முதல் வரியில் எழுதும் பெயர் எங்கள் பெண்ணின் மூன்று அல்லது நான்கு ஆண்டு வாழ்வை நிர்ணயிக்க வல்லது. அப்பெயரைக் கேள்வி ஞானத்தால் எழுத எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கல்லூரியின் கட்டடத்தையும் நூலகத்தையும் படத்தில் பார்த்துவிடலாம். வகுப்பு முடிந்து மாலையில் அவள் திரும்பி நடக்கப்போகும் தெருவை நேரில்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் நாகபுரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள். சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் இருப்புப் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது நாகபுரி. பிழைப்பைத் தேடிப் புறப்பட்டுப் பாதி வழியில் இறங்கிவிட்டவர்கள் என்று எங்களைச் சொல்லலாம். மீதிப் பாதியைக் கடக்க இப்பொழுது மகள் ஆயத்தமாகிறாள். ஊரிலிருக்கும் அவளுடைய பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "நீங்க போனதே தூரம்; அவளை இன்னும் தூரமா அனுப்பப் போறீங்களா?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, நாங்கள் விடை சொல்லுமுன் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார்கள். அந்தக் கேள்வியும் எங்களுடன் தில்லிக்கு வந்தது.

1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு வரப்பிரசாதம். நாகபுரியில் பிற்பகலில் ஏறினால் மறுநாள் காலை தில்லி. திரும்பும்போது இரவு தில்லியில் ஏறினால் மறுநாள் நண்பகல் வீடு. ஆகவே வியாழக்கிழமை அரை நாளும் வெள்ளிக்கிழமை முழு நாளும் விடுப்பு எடுத்தால் போதும். வெள்ளி, சனி இரண்டு பகலும் தில்லியில் கிடைக்கும். மூன்று இரவுகளில் இரண்டு இரயிலிலேயே கழிந்துவிடுவதால் அறை வாடகை ஓர் இரவுக்குத்தான். நகரங்களில் உணவைவிட உறக்கமே விலை மிகுந்தது என்பதைப் பயணம் செய்வோர் அறிவர். முன்பதிவு இப்பொழுது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது. முன்னிருந்த 120 நாட்களை 2024 நவம்பரில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். முதல் நாள் காலையிலேயே நாங்கள் முன்பதிவு செய்துவிட்டதால் தூங்கும் பெட்டியில் மூவருக்கும் ஒரே இடத்தில் படுக்கை கிடைத்தது.

நாள் குறிப்பதுதான் சற்றுக் கடினமாக இருந்தது. மார்கழி, தை மாதங்களில் வடநாட்டு மூடுபனி இரயில்களை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும். அதை நம்பி இரண்டு நாள் பயணம் போடலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் தில்லியின் புகைக்காற்று. மாசியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. ஆதலின் பள்ளித் தேர்வு முடிந்து, நுழைவுத் தேர்வு தொடங்குமுன் உள்ள சித்திரைத் தொடக்கத்தைத் தேர்ந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஆனால் கல்லூரிகளில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. மாணவர் இல்லாத கல்லூரியைப் பார்ப்பது ஆளில்லாத சந்தையைப் பார்ப்பது போலாகும். ஏப்ரலில் விடுமுறைகள் பல. புனித வெள்ளி பெரும்பாலும் அம்மாதத்தில்தான் வரும். நாட்காட்டியைப் பாராமல் பயணச் சீட்டு வாங்குவோர் பூட்டிய கதவைக் கண்டு திரும்ப நேரும்.

சாணக்கியபுரி, சுதந்திரம் பெற்றபின் 1950-களில் அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென உருவாக்கப்பட்ட பகுதி. சாந்தி, நீதி, நியாயம், சத்தியம், விநயம் என்று தெருக்களுக்குப் பெயர். தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் நன்னூல் ஒன்றைப் புரட்டினாற் போலிருக்கும். கௌடில்யர் பெயராலும் ஒரு சாலை உண்டு. அவருடைய அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. அதன் ஏட்டுச் சுவடியை மைசூர் நூலகத்திற்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர். சாமசாஸ்திரி அதை 1909-இல் அச்சேற்றினார். பொக்கிஷத்தின் வரவு செலவைப் பற்றி அவ்வளவு கண்டிப்புடன் எழுதியவர் பெயரைத் தாங்கிய ஊரில், நாங்களும் ஒரு சிறு கணக்கேட்டுடன் நடந்தோம். கணக்கெழுதும் பொறுப்பு மகளுக்கு. பின்னால் தனியே வாழப் போகிறவள் முன்னாலேயே பழகட்டும் என்பது எங்கள் எண்ணம்.

இவ்வூரின் அகலமான சாலைகளும் நிழல் மரங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி. காலுக்கும் பைக்கும் அவ்வளவு இல்லை. ஒரு திருப்பத்திலிருந்து அடுத்த திருப்பத்திற்குள் ஒரு தேநீர்க் கடை காண முடியாது. மதிலும் காவற்கூண்டும் கொடிமரமுமே தென்படும். 1956-இல் யுனெஸ்கோ மாநாட்டிற்காகக் கட்டிய அசோகா ஓட்டலின் மதிலைச் சுற்றி வந்தோம். அதற்குக் கட்டணம் இல்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் தூதரகங்களும் இப்பகுதியிலேயே இருக்கின்றன. தமிழன் போய்க் குடியேறிய நாடுகளின் கொடிகள் ஒரே பேட்டையில் பறப்பதைக் கண்டு, நாகபுரி ஒன்றும் அத்தனை தூரம் இல்லை என்று எங்களுக்குத் தோன்றியது. பாட்டியிடம் சொல்ல ஒரு வாதமும் கிடைத்தது.

இத்தகைய ஊரில் எங்களைப் போன்றோர் எங்கே தங்குவது? தமிழ்நாடு இல்லம் இங்குதான் இருக்கிறது. அரசுப் பணியாக வருவோர்க்கு முதலிடம் தரும் அதில் அறையை நம்பிப் பயணம் புறப்படுவதற்கில்லை. இராமகிருஷ்ணபுரத்தில் தூரத்து உறவினர் உண்டு. அன்புடன் அழைத்தார்கள். இரண்டு அறை வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது இன்னும் மூவர் சென்று, அவர்கள் பிள்ளையின் தேர்வுப் படிப்பைக் குலைப்பது முறையன்று என்று ஒரு வேளை உணவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டோம். தங்கியது நியாய மார்க்கில் உள்ள இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதியில். பெயரில் இளைஞர் இருந்தாலும் நரைத்த தலைகளையும் ஏற்றுக்கொள்கிறார்கள். சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் வாடகை குறையும். சுத்தமான படுக்கை, குளிக்க இடம், மூட்டையை வைக்க ஓர் இடம்: எங்களுக்கு வேண்டியது அவ்வளவே. சற்றுத் தூரத்தில் விசுவ யுவக் கேந்திரமும் உண்டு. குடும்பத்துடன் வருவோர் அதையும் விசாரிக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, கையில் கட்டி வந்திருந்த புளியோதரையை முடித்துக்கொண்டு கல்லூரிகளுக்குப் புறப்பட்டோம். முதலில் ஸ்ரீ வெங்கடேசுவரா கல்லூரி. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961-இல் நிறுவியது. பெனிட்டோ ஹுவாரெஸ் என்ற மெக்சிகோ நாட்டுத் தலைவர் பெயரில் அமைந்த சாலையில், பல்கலைக் கழகத்தின் தென் வளாகத்தை அடுத்து இருக்கிறது. ஆண், பெண் இருபாலரும் படிக்கும் கல்லூரி. அடுத்து, சாணக்கியபுரியின் உள்ளேயே அருகருகே அமைந்த இரண்டு பெண்கள் கல்லூரிகள்: 1967-இல் தொடங்கிய மைத்ரேயி கல்லூரி, 1968-இல் தொடங்கிய ஜீசஸ் அண்ட் மேரி கல்லூரி. செல்வமெல்லாம் சேர்ந்தாலும் அதனால் சாவாமை கிட்டுமா என்று கணவர் யாக்ஞவல்கியரைக் கேட்ட உபநிடத மாதரசி மைத்ரேயி. கணக்கேடும் கையுமாக வந்த எங்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை சிறிது கூச்சத்தைத் தந்தது.

முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தபடியால் மகளுக்கு உள்ளே செல்ல அனுமதி கிடைத்தது. நாங்கள் பெரும்பாலும் வாயிலுக்கு வெளியே மர நிழலிலேயே நின்றோம். அப்படி நின்றதும் ஒருவகையில் நல்லதாயிற்று. உள்ளே அவள் துறைகளையும் நூலகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே நாங்கள் ஆட்டோ ஓட்டுநர்களையும், பழம் விற்கும் அம்மையாரையும், பேருந்துக்குக் காத்திருந்த மாணவிகளையும் விசாரித்தோம். மாலை எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், எந்தச் சாலையில் விளக்கு எரியாது, மெட்ரோவிலிருந்து நடப்பார்களா, பகிர்ந்து ஏறும் வண்டி உண்டா என்றெல்லாம் கேட்டோம். இருபது வயதுகூட நிரம்பாத கேரளப் பெண்ணொருத்தி, நாங்கள் கேளாமலே, "ஆன்ட்டி, ரூம் பார்க்கும்போது தண்ணீரைத் திறந்து பாருங்கள்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள். அச்சிட்ட கையேடு எதிலும் இந்த உபதேசம் இருக்காது.

செலவின் உண்மை எங்களுக்கு விளங்கியது அதன் பின்னரே. கல்லூரிகள் எல்லாவற்றிலும் விடுதி இல்லை. வெங்கடேசுவராவில் பெண்களுக்கென ஒரு விடுதி உண்டு; ஆனால் வெளியூரிலிருந்து வரும் அத்தனை பேருக்கும் அதில் இடம் இராது. மற்றவர்கள் தனியார் தங்குமனைகளைத்தான் நாட வேண்டும். சாணக்கியபுரியில் நம் வரவுக்கு ஏற்ற தங்குமனை தேடுவது வீண் முயற்சி. மாணவர் கூட்டம் தங்குவது வெங்கடேசுவராவுக்கு எதிரே உள்ள சத்திய நிகேதனில். அகன்ற சாலையைக் கடந்து அங்கே நுழைந்தவுடன் ஊரே மாறிவிடுகிறது. குறுகிய சந்துகள், நான்கு மாடிகள், தலைக்கு மேல் மின்கம்பிப் பந்தல், கீழே நகல் எடுக்கும் கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும். சத்தம் அதிகம், ஆனால் மாலை ஏழு மணிக்கும் தெருவெங்கும் பெண் பிள்ளைகள் புத்தகப் பையுடன் கவலையின்றி நடமாடினார்கள். மர நிழல் மிகுந்த வெறிச்சோடிய சாலையைக் காட்டிலும் இந்த இரைச்சல் எங்களுக்கு ஆறுதல் அளித்தது.

மூன்று தங்குமனைகளை ஏறி இறங்கிப் பார்த்தோம். இருவர் பகிரும் அறைக்கு உணவுடன் மாதம் 14,000 முதல் 18,500 ரூபாய் வரை கேட்டார்கள். ஒன்றில் சன்னல் இருந்தது. அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். இன்னொன்றில் அறை நன்றாயிருந்தும், முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றி எழுத்தில் தர மறுத்தார்கள். மூன்றாவதில் தண்ணீரைத் திறந்து பார்த்தோம், வந்தது. கலைப் பாடப் பிரிவுகளில் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மாத அறை வாடகையில் அடங்கிவிடுகிறது. ஆகையால் எந்தக் கல்லூரியில் கட்டணம் ஐயாயிரம் குறைவு என்று வீட்டில் நாங்கள் பேசி முடித்த இரவுகளெல்லாம் வேறு கணக்கில் செலவாகியிருக்க வேண்டியவை. உறங்கும் இடத்திற்கும் கல்லூரிக்கும் இடையே நடக்க முடியுமா, நாள்தோறும் வண்டிக்குக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் நான்காண்டுக் கணக்கை ஏற்றி இறக்கும். பெண்கள் கல்லூரியே மேல் என்பது பாட்டியின் கட்சி. சத்திய நிகேதனிலிருந்து அவ்விரு கல்லூரிகளுக்கும் வண்டி வேண்டும். வெங்கடேசுவராவுக்குச் சாலையைக் கடந்தால் போதும்.

அன்று பிற்பகல் யசுவந்த் பிளேஸ் கடைவீதியில் மகள் மோமோ சாப்பிட ஆசைப்பட்டாள். ஆவியில் வெந்த அந்தக் கொழுக்கட்டையை எங்களுக்கும் ஒன்று கொடுத்தாள். தேங்காய்ப் பூரணம் இல்லாத குறையைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

மாலையில் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குச் சென்றோம். 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் கோயில். படியேறிச் சென்று கண்மூடி நின்றால் சுற்றிலும் தமிழே காதில் விழுகிறது. உறவினர் வீட்டில் இரவு உணவு. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றியது. அதற்கும் முன்னரே, 1923-இல், இங்கு வேலைக்கு வந்த தென்னாட்டு எழுத்தர்கள் தங்கள் பிள்ளைகளுக்கென மதராசிக் கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதுவே தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஒன்று சத்திய நிகேதனுக்கு அண்மையிலுள்ள மோதிபாக்கில். உறவினரின் பிள்ளைகளும் அக்கழகப் பள்ளியில் படிப்பவர்களே. சாப்பிட்டு எழும்போது அவ்வீட்டுப் பெரியம்மா மகளிடம், "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்கே சாப்பிட வந்துடணும். சொல்லிட்டேன்" என்றார். இடம் கிடைக்கவே இன்னும் மூன்று மாதம் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைச் சோறு உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமையை ஊர் பார்க்க ஒதுக்கினோம். தில்லி முழுவதையும் ஒரே நாளில் பார்க்க முயல்வோர் வண்டிக் கூலியைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் சாணக்கியபுரியைச் சுற்றியே நின்றோம். அதிகாலையில் நேரு பூங்கா. பின்னர் சர்தார் பட்டேல் மார்க்கின் கோடியில் உள்ள பதினொரு உருவச் சிலை. காந்தியடிகள் கோலூன்றி முன்னே நடக்க, பத்துப் பேர் பின்தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி. இதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரி சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் பணியாற்றியவர். மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே. 2016 நவம்பரில் செல்லாமற் போன பழைய 500 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இக்காட்சியே இருந்தது. எத்தனையோ முறை எண்ணிக் கொடுத்தும் உற்றுப் பாராத படத்தை இங்கே காசு கொடாமல் பார்த்தோம்.

தீன் மூர்த்தி இல்லத்தில் நேரு 1948 முதல் 1964 வரை வாழ்ந்தார். அந்த வளாகத்தில் 2022-இல் எல்லாப் பிரதமர்களுக்குமான அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறார்கள். அதை விரைவாகப் பார்த்து முடித்தோம். மகள் மட்டும் நேருவின் புத்தக அலமாரிகளுக்கு முன் நின்றுவிட்டாள். வரலாறு படிக்க விரும்புகிறவள். வெயில் ஏறியபின் தேசிய இரயில் அருங்காட்சியகம். 1977-இல் திறந்தது, திங்கட்கிழமை விடுமுறை. மைசூர் மகாராஜாவின் பயணப் பெட்டியையும், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா வண்டியையும் கண்டோம். இரண்டு இரவு தூங்கும் பெட்டியில் கழிக்கும் எங்களுக்கு மகாராஜாவின் மெத்தையைச் சன்னல் வழியே பார்ப்பதில் ஒரு தனி இன்பம் இருந்தது.

நிலையத்திற்குத் திரும்ப வண்டி பிடிக்கவில்லை. பெண் பின்னாளில் விடுமுறைக்கு வீடு திரும்பப் போகும் வழியிலேயே செல்வது என்று தீர்மானித்தோம். விடுதியிலிருந்து மூட்டைகளை எடுத்துக்கொண்டு சத்திய நிகேதனுக்கு வந்து, அங்கிருந்து தென் வளாக மெட்ரோ நிலையத்திற்கு நடந்தோம். அந்நிலையம் துர்காபாய் தேஷ்முக் பெயர் தாங்கியது. 1937-இல் சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவியவர். அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற பெண்மணி. அங்கிருந்து 2019-இல் திறந்த நீண்ட வான்பாலம் தௌலா குவான் நிலையத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. இடையிடையே நகரும் நடைபாதையும் உண்டு. தௌலா குவானில் விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் புது தில்லி இரயில் நிலையம், அஜ்மீரி வாயிற்புறம். சாலை நெரிசல் இவ்வழியைத் தொடாது. மூட்டையை மகளே சுமந்தாள். நாங்கள் பின்னால் வந்து மணி பார்த்தோம். சத்திய நிகேதன் சந்திலிருந்து இரயில் நடைமேடை வரை ஐம்பத்திரண்டு நிமிடம்.

இரயிலில் அவள் கணக்கை முடித்துக் காட்டினாள். மூவருக்கும் போக வர, தங்க, உண்ண, பார்க்க எல்லாம் சேர்த்து 8,740 ரூபாய். மோமோவுக்குத் தனி வரி இருந்தது. அதன் கீழே கோடிட்டு, நாங்கள் கேளாத இன்னொரு கணக்கையும் எழுதியிருந்தாள்: பத்து மாத வாடகை, கட்டணம், ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்து போகும் செலவு. ஞாயிற்றுக்கிழமை உணவைக் கழித்திருந்தாள். மொத்தம் எங்கள் சேமிப்பைவிடச் சிறிது மிகுதியாக இருந்தது. நாகபுரியிலேயே படித்தால் என்ன ஆகும் என்பதையும் எதிர்ப்பக்கத்தில் நேர்மையாக எழுதியிருந்தாள். இரண்டு தொகைகளையும் பார்த்துவிட்டு வெகு நேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை; மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

திரும்பிய வாரம் விருப்பப் பட்டியலுக்கான வரிசையை ஒரு தாளில் எழுதினோம். வெங்கடேசுவரா முதலில், மைத்ரேயி அடுத்து, ஜீசஸ் அண்ட் மேரி மூன்றாவது. பாட்டியிடம் வரிசையைச் சொன்னபோது, "முதல்ல இருக்கறது பெருமாள் பேரா? அப்ப சரி" என்றார்கள். அறையின் முன்பணத்திற்கென அஞ்சலகத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, முதல் தவணையும் கட்டியாயிற்று. நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. மகள் விளக்கை அணைக்கும்போது இரவு ஒரு மணி ஆகிறது.